க்ளட்ச் இருந்த இடம்

பிஸ்மார்க்கிலிருந்து டெல்மர் குவாலே
தொலைபேசியில் கெஞ்சினார்:
"தரைத்தகட்டில் மட்டும் துளை போட்டுவிடாதே.
ஐம்பத்துமூன்றாம் வருடத்து செவ்ரோலே.
என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்
இன்றுவரை பிரியாமல் இருக்கின்றன."
என் எண்கள்தான் பொருந்தவில்லை டெல்மர், என்றேன்.
கால் ஒன்று. மிதிகள் மூன்று.
ஸ்டார்ட்டரைச் சேர்த்தால் நான்கு.

இடது காலைத் தானியம் ஏற்றும் திருகுக்குழாய்
எடுத்துக்கொண்டது,
போன செப்டம்பருக்கு முந்தின செப்டம்பரில்.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

வண்டியைச் சொல்கிறேன்.
இருக்கையைக் கிழித்தபோது
எலிகள் பரம்பரையாகச் சேர்த்த கோதுமை.
கேபின் மூலைகளில் துரு;
விரல் வைத்தால் விரல் உள்ளே போனது.
கதவின் பச்சையைச் சுரண்டினால் மஞ்சள்,
மஞ்சளுக்கு அடியில் வேறொரு பச்சை,
அதன்மேல் யாரோ தூரிகையால் எழுதிய
ஹாஃப்லண்ட் கோழித் தீவனம்.
எழுத்து என்று எனக்கு உறைப்பதற்குள்
'ஹாஃப்' தூளாகிப் போயிருந்தது.
மீதியின்மேல் வார்னிஷ் அடித்தேன்.
இப்போது அது லண்ட் கோழித் தீவனம்.

தானியங்கி கியர் போட்டால் தீர்ந்தது
என்றார்கள் எல்லோரும்.
தீர்வதற்காகவா வண்டி வாங்கினேன்?

மார்லிஸ் ப்ரூன் வெல்டிங் செய்ய வந்தாள்,
சர்க்கரைக்கிழங்கு ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து,
முகக்கவசத்துக்குள்ளேயே கொட்டாவி விட்டபடி.
காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கை எவ்வளவு தூரம் எட்டும் என்று
நாடா வைத்து அளந்தாள்.

முதல் யோசனை,
இடது கைக்கு ஒரு நெம்புகோல்.
பழைய மருந்து தெளிப்பானின் கைப்பிடி.
இடது கை க்ளட்சை இழுக்கும்,
வலது கை கியரை மாற்றும்,
அந்த ஒரு நொடி ஸ்டியரிங்கை
கர்த்தர் பிடித்துக்கொள்வார் என்றாள் மார்லிஸ்.
கர்த்தருக்கு அன்று வேறு வேலை.
ஓஸ்டர்காம்ப் வயலில்
பதினாறு வரிசைக் கிழங்கு போயிற்று.

அப்புறம்தான் கியர்க்கோலின் நுனியிலேயே
ஒரு கவாசாகியின் க்ளட்ச் பிடி,
தரைக்குக் கீழே ஹைட்ராலிக் சிலிண்டர்.
விரல்கள் இறுக்க, மணிக்கட்டு தள்ள,
இடது கை ஸ்டியரிங்கை விடவே வேண்டாம்.

டெல்மரிடம் சொன்னேன்.
வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு,
"எத்தனை துளை?"
நான்கு.
இழவு விழுந்ததுபோல் ஒரு பெருமூச்சு.
மறுவாரம் தபாலில்
நான்கு ரப்பர் வளையங்கள் வந்தன,
குழாய் தகட்டில் உரசாமலிருக்க.
பில் இல்லை.

ஆகஸ்ட் கண்காட்சியில் நடுவர் ஓர்டீன்
பின்தட்டின் ஓக் பலகைகளைத் தட்டிப் பார்த்தார்,
தலையாட்டினார்.
கேபினுக்குள் விட்ட தலையை
வெளியே எடுக்க மனமில்லாமல் நின்றார்.
க்ளட்ச் மிதி இல்லை, ஏழு மதிப்பெண் கழிவு,
என்று எழுதினார்.
நிமிர்ந்தபோது என் ஊன்றுகோலைப் பார்த்தார்.
பென்சிலைப் பார்த்தார்.
ஏழை ஆறாக்கவில்லை.
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நவம்பர். வில்லிஸ்டன் சாலை.
ஹீட்டர் இன்னும் வேலை செய்யவில்லை.
எதிரே லாரி வந்தால்
ஹெட்லைட்டைத் தாழ்த்தும் பொத்தான்
இப்போது கட்டைவிரலுக்குக் கீழே;
அது முன்பு இடது காலுக்கு உரியது.
இரண்டு, மூன்று, நான்கு.
பிடி கனம்தான், உள்ளங்கை காய்த்துவிட்டது.

க்ளட்ச் மிதியைக் கழற்றிய துளைக்கு
ஒரு தகடு வெட்டித் தருகிறேன் என்று
மூன்றுமுறை சொல்லிவிட்டாள் மார்லிஸ்.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்கிறேன்.
குனிந்தால் அதன் வழியே
சாலை கறுப்பாக ஓடுவது தெரியும்.
அதன் வழியே ஏறிவரும் காற்று
நேராக இடது பாதத்தில் அடிக்கிறது,
இல்லாத பாதத்தில்.
சில்லிடுகிறது.
விரல்களை மடக்கிக்கொள்கிறேன்,
ஐந்தையும்.